இழையின் வலிமையும் யந்திர மாயையும்

தும்புக் கயிறு திரிக்கப்படும் இடத்தைக் கண்டவர்களுக்கு ஓர் உண்மை புதிதன்று. ஊறிய தேங்காய் மட்டையிலிருந்து அடித்தெடுக்கப்பட்ட தும்பு தனித்தனியே நின்றால் விரலுக்கே அறுந்துபோகும். அதே தும்பு ஒரு திசையில் ஒழுங்காகக் கிடத்தப்பட்டு, இழுபட்டு, முறுக்கேறிய பின்னர் வள்ளத்தைக் கரையிற் கட்டி நிறுத்துகிறது. பொருள் மாறவில்லை, பொருளின் கிடை மாறியது. கயிற்றின் வலிமை முழுவதும் தும்பிலேயே இருந்ததென்று சொல்பவன் கயிறு திரித்து அறியாதவன்.

இன்று உலகில் உற்பத்தியாகும் நார்களிற் பாதிக்கு மேற்பட்டது பொலியெஸ்டர். 2023ஆம் ஆண்டில் உலகின் மொத்த நார் உற்பத்தி ஏறக்குறைய 12 கோடியே 40 இலட்சம் தொன். அதில் ஏழு கோடித் தொன்னுக்கு மேற்பட்டது இந்த ஒரு நாரே. சட்டையும் சேலையும், பாடசாலைச் சீருடையும் தையல் நூலும், வாகன இருக்கைப் பட்டியும் டயரின் உள்ளே கிடக்கும் வடமும் இதனாலேயே ஆகின்றன. இவ்வளவு பெருகிய ஒரு பொருளைப் பற்றி இந்நாட்டின் படித்தவர் மத்தியில் நிலவும் கருத்துகள் இரண்டே. பொலியெஸ்டர் இழிந்த பொருள், பருத்திக்கு வக்கற்றவர் உடுக்கும் ‘பிளாஸ்டிக்’ என்பது ஒன்று. அது வெறும் வியாபாரப் பொருள், வேண்டிய யந்திரத்தை வேண்டிய விலை கொடுத்து வாங்கினால் வேண்டிய நூல் தானே வரும் என்பது மற்றையது. முதற் கருத்தை அழகியல் பேசுவோரும் இரண்டாங் கருத்தைப் பொருளாதாரம் பேசுவோரும் காத்து வருகின்றனர். நோக்கினால் இரண்டும் ஒரே தவற்றின் இரு முகங்கள். நூலின் குணம் பொருளில் அல்லது யந்திரத்தில் முடிந்த முடிபாக இருக்கிறது என்ற நம்பிக்கையே அத்தவறு. வலிமையும் வெப்ப உறுதியும் உடைய நூல் எவ்வாறு பிறக்கிறது என்பதைப் படிப்படியாக நோக்குபவருக்கு இந்நம்பிக்கை நிலைக்காது.

கரோதர்ஸ் விட்ட இடம்

பொலியெஸ்டரின் வரலாறே இதற்கு முதற் சான்று. ஐக்கிய அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் 1928ஆம் ஆண்டு ஆய்வைத் தொடங்கிய வொலஸ் கரோதர்ஸ், சிறு மூலக்கூறுகளைக் கோத்து நீண்ட சங்கிலிகளாக்கும் முயற்சியில் முதலிற் கைவைத்தது எசுத்தர்களிலேயே. 1930 ஏப்பிரலில் அவர் குழுவைச் சேர்ந்த ஜூலியன் ஹில், தாக்கத்தின்போது பிறக்கும் நீரை உயர் வெற்றிடத்தில் இடைவிடாது அகற்றி, முன்னர் எவரும் எட்டாத நீளமுடைய எசுத்தர்ச் சங்கிலிகளைப் பெற்றார். உருகிய அப்பொருளிலிருந்து இழை இழுபட்டது. குளிர்ந்த இழையை மீண்டும் இழுத்தபோது அது பன்மடங்கு நீண்டதோடு பளபளப்பும் வலிமையும் பெற்றது. இழுத்தலே வலிமையைத் தருகிறது என்ற பேருண்மை அன்றே புலனாயிற்று.

எனினும் அவ்விழை துணியாகவில்லை. கொதிநீரின் வெப்பத்தை எட்டுமுன்பே உருகும் இழையால் எவருக்கு என்ன பயன்? கரோதர்ஸ் எசுத்தர்களைக் கைவிட்டு அமைட்டுகளை நாடினார். 1935இல் நைலோன் பிறந்தது. வலிமை இருந்தும் வெப்ப உறுதி இல்லாமையாலேயே முதற் பொலியெஸ்டர் ஆய்வுகூட அலுமாரிக்குள் முடங்கிற்று.

அவ்வாய்வு விட்ட இடத்தை நிரப்பியவர்கள் இங்கிலாந்தின் கலிக்கோ பிரின்டர்ஸ் சங்கத்தில் ஆய்வாளராயிருந்த ஜோன் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் ஆவர். துணியில் அச்சிடுவோரின் சங்கம் அது. பேரளவான இரசாயன நிறுவனமன்று. அமெரிக்கக் குழு தெரிந்தெடுத்த அமிலங்கள் பெரும்பாலும் வளைந்து நெளியும் நெடுஞ்சங்கிலிகளாயிருந்தன. அவற்றின் இடத்தில், பென்சீன் வளையத்தின் எதிரெதிர் முனைகளிலே இரு அமிலக் கூட்டங்களைச் சமச்சீராகத் தாங்கும் தெரெப்தலிக் அமிலத்தை இட்டால் என்னவாகும் என்ற வினாவை அவர்கள் எழுப்பினர். விறைத்த வளையம் சங்கிலியை வளையவிடாது. சமச்சீர் அமைப்புச் சங்கிலிகளை நெருங்கி அடுக்கவிடும். அடுக்குண்ட பளிங்கு எளிதில் உருகாது. 1941இல் அவ்வினாவுக்குக் கிடைத்த விடை ஏறக்குறைய 260 பாகை செல்சியசில் உருகும் ஒரு பொருள். போர்க்கால இரகசியத்தால் அதன் காப்புரிமை விவரம் 1946 வரை வெளிவரவில்லை. பின்னர் பிரித்தானியாவில் ஐ.சி.ஐ. நிறுவனம் அதனை டெரிலீன் என்றும், அமெரிக்காவில் டூபொன்ட் டேக்ரோன் என்றும் சந்தைப்படுத்தின.

பாடப்புத்தகங்கள் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. தெரெப்தலிக் அமிலம், எதிலீன் கிளைக்கோல், நடுவே ஓர் அம்புக்குறி, வலப்புறத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் அலகு, அதன் காலடியில் ஓர் ‘n’. மாணவன் இதனை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறுகிறான். அந்த ‘n’ எத்தனை என்று அவனிடம் எவரும் கேட்பதில்லை. நூல் நூலாவதும் நூலாகாமற் போவதும் அந்த ‘n’ என்ற எழுத்தில் இருந்தே தொடங்குகின்றன.

சங்கிலியின் நீளமும் நீரின் பகையும்

தெரெப்தலிக் அமிலமும் கிளைக்கோலும் முதலில் எசுத்தராகி நீரை வெளிவிடுகின்றன. பின்னர் 280 பாகையை அண்டிய வெப்பத்தில், பெரும்பாலும் அந்திமனி மூவொட்சைட்டை ஊக்கியாகக் கொண்டு, சங்கிலிகள் ஒன்றோடொன்று இணைகின்றன. ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு கிளைக்கோல் மூலக்கூறு விடுபடும். அது அங்கேயே தங்கினால் தாக்கம் பின்னோக்கி ஓடும். ஆகவே கலத்தினுள் வளிமண்டல அமுக்கத்தின் ஆயிரத்திலொரு பங்களவான வெற்றிடத்தைப் பேணி, பாகுபோலத் தடித்துவரும் உருகலிலிருந்து கிளைக்கோலை உறிஞ்சி எடுத்தல் வேண்டும். வெற்றிடம் தளர்ந்தால் சங்கிலி குறுகும். வெப்பம் மிகுந்தால் சங்கிலி அறும், பொருள் மஞ்சளிக்கும். கிளைக்கோல் தன்னோடு தானே இணைந்து சங்கிலியினுட் புகுந்தால் உருகுநிலையே தாழ்ந்துவிடும்.

ஆடைக்குரிய சாதாரண நூலுக்கு ஏறக்குறைய நூறு அலகுகள் கொண்ட சங்கிலி போதும். டயர் வடத்துக்கும் இருக்கைப் பட்டிக்கும் அது போதாது. உருகிய நிலையில் மேலும் நீட்ட முயன்றால் உருவாகும் வேகத்தைச் சிதையும் வேகம் எட்டிப்பிடிக்கும். அதனாற் பொருளைச் சிறு துணிக்கைகளாக வெட்டி, உருகுநிலைக்குக் கீழே, 200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், வெற்றிடத்திலோ நைதரசன் ஓட்டத்திலோ பல மணிநேரம் வைத்திருப்பர். உருகாத திண்மத்தினுள்ளேயே சங்கிலிகள் மெல்ல நீள்கின்றன. பொறுமையே இங்கு மூலப்பொருள்.

இவ்வாறு நீட்டிய சங்கிலியை ஒரு துளி ஈரம் அழித்துவிடும். உருகிய பொலியெஸ்டரில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் ஒரு சங்கிலியை வெட்டுகிறது. ஆதலின் நூற்குமுன் துணிக்கைகளைப் பல மணிநேரம் சூடான உலர் காற்றில் உலர்த்தி, ஈரத்தை நூற்றுக்கு 0.005 பங்குக்குக் கீழே கொண்டுவருவர். ஈரம் நிறைந்த கடற்காற்று வீசும் ஒரு தீவில், உலர்த்தியிலிருந்து உருக்கிக்குச் செல்லும் குழாயில் ஒரு சிறு கசிவு என்ன செய்யும் என்பதை ஊகித்தறிய ஒருவர் பொறியியலாளராக இருக்கவேண்டியதில்லை. யந்திரத்தை விற்றவர் தந்த கைந்நூலில் உலர்த்தும் வெப்பமும் நேரமும் இருக்கும். ஏன் அவ்வெப்பம், ஏன் அந்நேரம் என்பது இராது. ஏன் என்று அறியாதவர் கசிவை எங்கே தேடுவர்?

இழுத்தல்

உலர்ந்த துணிக்கை 280 முதல் 290 பாகை வரையில் உருகி, வடிகட்டப்பட்டு, மில்லிமீற்றரில் நாலிலொரு பங்களவான துளைகளையுடைய உலோகத் தட்டினூடாக வெளிவருகிறது, குளிர்காற்றில் உறைகிறது. மெதுவாக எடுக்கப்பட்ட இவ்விழையில் சங்கிலிகள் கொட்டிய வைக்கோல்போல எத்திசையிலும் கிடக்கின்றன. கையால் இழுத்தால் நீண்டு நீண்டு போகும், விட்டால் மீளாது. அது இழை எனப்படினும் நூலன்று.

அதனை வலிமைப்படுத்துவது இழுத்தல். வெவ்வேறு வேகத்திற் சுழலும் உருளைகளுக்கிடையே, 80 பாகை அளவான வெப்பத்தில், இழை மூன்று நான்கு மடங்காக நீட்டப்படுகிறது. ஏன் 80 பாகை? பொலியெஸ்டரின் ஒழுங்கற்ற பகுதி 70 முதல் 80 பாகை வரையிலேதான் கண்ணாடிபோன்ற விறைப்பிலிருந்து நெகிழ்கிறது. அதற்குக் கீழே இழுத்தால் சங்கிலிகள் நகர மறுக்கும். மிகவும் மேலே இழுத்தால் அவை ஒழுங்குபடாமலே வழுக்கிச் செல்லும். சரியான வெப்பத்தில், சரியான மடங்கில் இழுபட்டபோது சங்கிலிகள் இழையின் அச்சோடு திசைகொள்கின்றன, பளிங்குகள் பிறக்கின்றன. ஆடை நூல் டெனியருக்கு 4 முதல் 5 கிராம் வரை தாங்கும். நீண்ட சங்கிலிகளைக் கொண்ட கைத்தொழில் நூலைப் பல கட்டங்களில், உயர்ந்த வெப்பத்தில், ஐந்து ஆறு மடங்குவரை இழுத்தால் டெனியருக்கு 8 கிராமுக்கு மேலும் தாங்கும்.

மடங்கு குறைந்தால் நூல் தளரும். மடங்கு மிகுந்தால் இழையினுள்ளே நுண்வெற்றிடங்கள் தோன்றி அது வெளிறும். தனியிழைகள் அறுந்து மயிராய் நிற்கும். இழுபடும் புள்ளி ஒரே இடத்தில் நிலைக்காமல் முன்னும் பின்னும் அலைந்தால் நூலின் ஒரு பகுதி நன்றாகவும் மறுபகுதி குறைவாகவும் இழுபடும். இத்தவறு நூலில் கண்ணுக்குத் தெரியாது. நெசவிலும் தெரியாது. சாயத் தொட்டியிலிருந்து துணி வெளிவந்த பின்னரே குறைவாக இழுபட்ட பகுதிகள் கருமையாகக் கோடிட்டு நிற்கும். அப்போது சாயமிட்டவன் வசை கேட்பான். நூல் பிறந்த இடத்தில் நிகழ்ந்த குற்றத்துக்குத் துணி முடியும் இடத்தில் தண்டனை வழங்கும் விசித்திர நீதி, புடைவைக் கைத்தொழிலைப் பகுதி பகுதியாக மட்டும் அறிந்தவர்களிடமே செல்லுபடியாகும்.

வெப்பத்தைக் கொண்டு வெப்பத்தை வெல்லல்

இழுத்தலோடு வேலை முடிந்ததென எண்ணினால் அதுவும் பிழை. இழுபட்ட சங்கிலி ஒழுங்காகக் கிடப்பினும் அமைதியாகக் கிடப்பதில்லை. பளிங்குகளுக்கிடையே உள்ள பகுதிகளில் அது சுருண்டுகொள்ளத் துடிக்கிறது. குளிர்நிலையில் அத்துடிப்பு அடங்கியிருக்கும். கொதிநீரோ இஸ்திரிப்பெட்டியோ பட்டவுடன் விடுதலை பெற்ற சங்கிலி சுருங்கும், நூலும் சுருங்கும். பதப்படாத நூல் கொதிநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலும் சுருங்கக்கூடும். அத்தகைய நூலால் நெய்த சட்டை முதற் சலவையோடு தம்பிக்குரியதாகிவிடும்.

இதற்குப் பரிகாரம் வெப்பப் பதனம். 180 முதல் 220 பாகை வரையிலான வெப்பத்தில் நூலைச் சிறிது நேரம் நிறுத்தும்போது குறைபட்ட சிறு பளிங்குகள் கரைந்து, உறுதியான பெரிய பளிங்குகளாக மீள அமைகின்றன. அவை சங்கிலிகளைப் பல இடங்களிற் பூட்டிவிடுகின்றன. பின்னர் அப்பதன வெப்பத்துக்குக் குறைந்த வெப்பங்களை நூல் பெரிதும் பொருட்படுத்தாது. வெப்ப உறுதி என்பது வெப்பத்தை முன்னரே அனுபவித்ததன் பயன்.

உற்பத்தியின் உண்மையான முரண்பாடு இங்கேதான் வெளிப்படுகிறது. நூலை இறுகப் பிடித்துக்கொண்டு பதப்படுத்தினால் வலிமையும் விறைப்பும் நிலைக்கும். ஆனால் சுருங்கும் துடிப்பு ஓரளவு உள்ளேயே எஞ்சும். சற்றுச் சுருங்கவிட்டுப் பதப்படுத்தினால் துடிப்பு அடங்கும். ஆனால் இழுத்துச் சேர்த்த ஒழுங்கிற் சிறிது கைவிட்டுப் போகும். வலிமையையும் வெப்ப உறுதியையும் ஒருசேர உச்சத்தில் எவரும் பெற்றதில்லை. எந்த அளவு ஒன்றை விட்டு எந்த அளவு மற்றதைக் கொள்வது என்பது நூல் எங்கே செல்கிறது என்பதைப் பொறுத்த தீர்மானம். டயர் வடத்துக்கு விறைப்பும் வேண்டும், குறைந்த சுருக்கமும் வேண்டும் என்ற நெருக்கடியில், நூற்கும்போதே வேகத்தைக் கூட்டிச் சங்கிலிகளை ஓரளவு திசைப்படுத்திவிட்டுப் பின்னர் குறைவாக இழுக்கும் முறை உருவாயிற்று. முரண்பாட்டை அறிந்தவர்களாலேயே அதனை ஒரு படி நகர்த்த முடிந்தது.

வலிமை எப்போதும் நன்மையும் அன்று. பொலியெஸ்டர்ச் சட்டையின் கழுத்திலும் கையிலும் உராய்வினாற் சிறு உருண்டைகள் தோன்றுவதை யாவரும் அறிவர். பருத்தியிலும் கம்பளியிலும் அவை தோன்றி உதிர்ந்துவிடும். பொலியெஸ்டரில் நார் அறுவதற்கு மறுப்பதால் உருண்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். இதனை நீக்கச் சில வகை நார்களை வேண்டுமென்றே குறுகிய சங்கிலிகளால், வலிமை குறைத்துச் செய்கின்றனர். ஒரே பொருள், ஒன்றில் வலிமை தேடப்படுகிறது, இன்னொன்றில் தவிர்க்கப்படுகிறது. பொலியெஸ்டர் இழிந்ததா உயர்ந்ததா என்று வழக்காடுவோர் எந்தப் பொலியெஸ்டரைக் குறித்து வழக்காடுகின்றனர்?

யந்திரத்தை வாங்குவோர்

இனி இரண்டாவது கருத்தை நோக்குவோம். வின்ஃபீல்டின் காப்புரிமை காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. சமன்பாட்டை உயர்தர வகுப்பு மாணவனும் அறிவான். உருக்கியும் உருளையும் சந்தையில் விலைக்குண்டு. அவ்வாறாயின் சிறந்த நூல் ஏன் எல்லா நாடுகளிலும் பிறக்கவில்லை? காப்புரிமை காலாவதியாகும், கைப்பழக்கமும் காரண அறிவும் காலாவதியாவதில்லை, கைமாறுவதுமில்லை. அவற்றைப் பெறுவோர் உழைத்தே பெறவேண்டும்.

யப்பானின் அனுபவம் இவ்விடத்து நினைக்கத்தக்கது. ரோறே, தெய்ஜின் என்ற இரு நிறுவனங்கள் 1957இல் ஐ.சி.ஐ.யிடமிருந்து உற்பத்தி உரிமையைப் பெற்று, டெற்றோன் என்ற பெயரில் நூலை வெளியிட்டன. அவர்களும் விலைகொடுத்தே வாங்கினர். ஆனால் வாங்கியதை ஓட்டுவதோடு நிற்கவில்லை. 1970ஆம் ஆண்டளவில் ரோறே நிறுவனம் மயிரினும் பன்மடங்கு நுண்ணிய பொலியெஸ்டர் இழைகளைக் கொண்டு மான்தோல் போன்ற துணியை ஆக்கி, உரிமை தந்த நாடுகளுக்கே விற்றது. உரிமைச் சீட்டுக்கும் அத்துணிக்கும் இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் நிகழ்ந்தது யந்திரக் கொள்வனவு அன்று. ஒவ்வோர் உருளையின் முன்னும் நின்று ‘ஏன்’ என்று கேட்ட ஆய்வு.

இலங்கையின் கதை வேறு. 1974 முதல் 2004இன் முடிவு வரை நிலவிய பல்நார் உடன்படிக்கையின் பங்கீட்டு முறையும், 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையும் ஆடைக் கைத்தொழிலை இங்கே ஊன்றின. இன்று நாட்டின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய ஐந்திலிரண்டு பங்கு ஆடையினாலும் புடைவையினாலும் வருகிறது. பல இலட்சம் பெண்களின் விரல்கள் இவ்வருமானத்தை ஈட்டுகின்றன. அவ்வுழைப்பைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல். ஆனால் அவ்விரல்கள் தொடும் துணியிலும் நூலிலும் பெரும்பகுதி கப்பலில் வருவது என்பதையும் மறைத்தலாகாது. ஈட்டிய அந்நியச் செலாவணியிற் கணிசமான பங்கு துணியின் விலையாக வந்த வழியே திரும்பிச் செல்கிறது.

‘தைப்பது நமது வேலை, நூலை அறிந்து ஆகவேண்டியது என்ன?’ என்பர் சிலர். தையல் நூலையே உதாரணமாகக் கொள்வோம். நிமிடத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் தையலிடும் யந்திரத்தில் ஊசி துணியோடு உராய்ந்து 200 பாகைக்கு மேலும் சூடேறக்கூடும். தையலில் அமர்வதற்கு முன்னர் நூலின் ஒவ்வொரு பகுதியும் அவ்வூசிக் கண்ணினூடாகப் பல பத்துத் தடவைகள் முன்னும் பின்னும் ஓடுகிறது. வலிமை குறைந்தால் அறும். வெப்பப் பதனம் குறைந்தால், தைத்த அன்று நேராகக் கிடந்த தையல், வாங்கியவர் வீட்டில் முதற் சலவையில் சுருங்கித் துணியைச் சுருக்கிப் பிடிக்கும். ஒரு சட்டையின் விலையில் நூலுக்குரிய பங்கு மிகச் சிறிது. அச்சட்டை திருப்பி அனுப்பப்படும்போது இழப்பது முழுச் சட்டையையும். நூலை அறியாதவன் நல்ல நூலைத் தெரிந்து வாங்கவும் மாட்டான், கெட்ட நூலைக் காரணங் காட்டி மறுக்கவும் மாட்டான். விற்பவர் தரும் சான்றிதழே அவனுக்கு வேதம். தான் எதை வாங்குகிறோம் என்று சொல்ல இயலாத தொழிலுக்குச் சுதந்திரம் ஏது?

எழும் ஆட்சேபங்கள்

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் எழலாம். முதலாவது, இலங்கை சிறு நாடு. பெற்றோலிய இரசாயனக் கைத்தொழில் இங்கில்லை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தொன் ஆக்கும் பல்பகுதியமாக்கற் கலன்களோடு எவ்வாறு போட்டியிடுவது என்பது. இவ்வாதம் சரியானது, ஆனால் அது மறுப்பது எவரும் கோராத ஒன்றை. தெரெப்தலிக் அமிலத்தை இங்கே செய்யவேண்டியதில்லை. துணிக்கையை வாங்கி நூற்பதும், இழுப்பதும், பதப்படுத்துவதும், எல்லாவற்றுக்கும் மேலாக அளந்து சோதிப்பதும் சிறு அளவிலும் இயலுவன. நூலின் குணத்திற் பெரும்பகுதி அக்கட்டங்களிலேயே நிர்ணயமாகின்றது என்பதையே மேலே கண்டோம்.

இரண்டாவது ஆட்சேபம் சுற்றாடலைப் பற்றியது. பொலியெஸ்டர் மக்குவதில்லை, சலவையில் நுண்ணிழைகளை உதிர்க்கிறது, நிலநெய்யிலிருந்து பிறக்கிறது. இவை உண்மைகள். இவற்றை மறுப்பவர் அறிவுக்குத் துரோகம் செய்பவர். ஆயின் இவ்வுண்மைகளிலிருந்து பெறப்படும் முடிவு யாது? மக்காத பொருளைக் கொண்டு ஒரு பருவத்துக்கு மட்டும் உடுத்து எறியும் துணியைச் செய்வதே குற்றம். பல்லாண்டு நிலைக்கும் பொருளைப் பல்லாண்டு நிலைக்கும் பயனுக்கு ஆக்குவதே நேர்மை. உறுதியாக இழுத்து, நன்கு பதப்படுத்தி, உதிராத நூலை ஆக்குவது எவ்வாறு என்று அறியாதவர் கையிலேயே இப்பொருள் குப்பையாகிறது. அறிந்தும் மலிவுக்காக அதனைச் செய்யாதவர் கையிலும் அவ்வாறே. குற்றம் சங்கிலியில் இல்லை. இலாபக் கணக்கில் இருக்கிறது.

கழிவுப் போத்தல்களிலிருந்து பொலியெஸ்டர் நூல் ஆக்கும் முயற்சி இலங்கையிலும் நடைபெறுகிறது. வரவேற்கத்தக்க முயற்சி அது. ஆனால் அங்கும் பகை அதே நீரும் வெப்பமுமே. ஒவ்வொரு முறை உருகும்போதும் சங்கிலிகள் குறுகுகின்றன. போத்தலோடு கலந்துவரும் பிற பிளாஸ்டிக்கின் சிறு துணுக்கு முழுத் தொகுதியையும் மஞ்சளாக்கிவிடும். புதிய பொருளிலும் பழைய பொருளுக்கே காரண அறிவு அதிகம் வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் பருத்தி அன்பர்களுடையது. பருத்தி தன் நிறையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவான ஈரத்தை ஏற்கும். பொலியெஸ்டர் நூற்றுக்கு அரைப் பங்கும் ஏற்காது. வெயிலில் வேலை செய்பவனுக்குப் பருத்தியின் சுகம் பொலியெஸ்டர் தராது என்பது மெய்யே. அதே குறைதான் மழையில் நனைந்தும் நீளாத, வலிமை இழக்காத வடத்தையும் பாயையும் பட்டியையும் தருகிறது. இரண்டையும் கலந்து நெய்தவர்கள் இரண்டின் குறையையும் அறிந்தே கலந்தனர். விருப்புவெறுப்பு ஆடை உடுப்பவனுக்குரிய உரிமை. ஆராய்பவனுக்கு அது ஆகாது.

பல்கலைக்கழகத்தின் பங்கு

குற்றச்சாட்டு இறுதியில் வந்து சேரவேண்டிய இடம் பல்கலைக்கழகமே. மொறட்டுவையிற் புடைவை, ஆடைப் பொறியியலுக்கென ஒரு துறை இருப்பது உண்மை. ஆயினும் ஒரு துறை எல்லா விஞ்ஞான பீடங்களின் கடமையையும் சுமக்க இயலாது. இரசாயனம் பயில்பவன் சங்கிலியை அறிகிறான், இழையைக் கண்டதில்லை. பௌதிகம் பயில்பவன் இழுவிசையை அறிகிறான். இழுவிசையால் ஒரு பொருளின் உள்ளமைப்பே மாறும் என்பதைத் தன் கையால் உணர்ந்ததில்லை. பொருளியல் பயில்பவன் ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தை அறிகிறான்; அப்புள்ளிவிவரம் எந்த நூலால் தைக்கப்பட்டது என்று கேட்டதில்லை. தூய விஞ்ஞானம் உயர்ந்தது, தொழில் விஞ்ஞானம் தாழ்ந்தது என்ற சாதிப் பாகுபாடு ஆய்வுகூடங்களின் வாயிலில் இன்னும் காவல் நிற்கிறது. வெற்றிடத்தில் ஒரு துளி கிளைக்கோலை அகற்றுவதற்கு வேண்டிய சிந்தனை, கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை நிறுவுவதற்கு வேண்டிய சிந்தனையிலும் எவ்வகையிற் குறைந்தது?

தமிழில் இவற்றைப் பேச இயலாது என்ற சாக்கும் செல்லாது. நெய்தலையும் நூற்றலையும் பல நூற்றாண்டுகள் அறிந்த மொழி இது. இழை, நூல், முறுக்கு, பா, ஊடை, பதம் என்ற சொற்கள் எந்த அகராதிக் குழுவும் ஆக்கியவை அல்ல, தறியடியிற் பிறந்தவை. பல்பகுதியம், ஊக்கி, நீர்ப்பகுப்பு என்ற கலைச்சொற்களும் பாடசாலை வழி பழகியவையே. இவ்விரு சொற்றொகுதிகளும் ஒரே பக்கத்தில் சந்திக்காததே குறை. தறியை அறிந்தவனும் மூலக்கூற்றை அறிந்தவனும் ஒருவரோடொருவர் பேசாத சமூகத்தில் அவர்களின் சொற்கள் மட்டும் எவ்வாறு சந்திக்கும்?

தொடங்குவதற்குக் கோடி ரூபாய் யந்திரம் வேண்டியதில்லை. கடையில் விற்கும் வெவ்வேறு தையல் நூல்களில் ஒவ்வொரு மீற்றர் எடுத்து, சிறு நிறையொன்றைத் தொங்கவிட்டு நீளத்தை அளந்து, கொதிநீரில் அரைமணி நேரம் இட்டு உலர்த்தி, மீண்டும் அளந்தால் போதும். ஒன்று நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். இன்னொன்று ஐந்து பங்கு சுருங்கும். இரண்டும் ஒரே சமன்பாட்டிலிருந்து பிறந்த ஒரே பொருள் என்று மாணவனிடம் சொல்லிவிட்டு, அவ்வாறாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று விரிவுரையாளர் கேட்கட்டும். அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன் வெற்றிடத்தையும் ஈரத்தையும் இழுத்தலையும் பதனத்தையும் தானே வந்தடைவான். கொதிநீரும் அளவுகோலும் எல்லா ஆய்வுகூடங்களிலும் உண்டு. அவ்வினா பாடத்திட்டத்தில் இல்லை.